பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்த் தடியங்காய்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் ஆறாயிரத்துக்குப் போகும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்லி வளர்ந்த நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. விளைந்ததில் முதலாவதை ஆண்டவருக்கென்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்து, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து அசனச் சாப்பாடும் முடிந்ததும், கோயில் முன்னால் பந்தலில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். முட்டை, முருங்கைக்காய், சேவல், எதுவானாலும் சரி. கேட்கிறவர்கள் அந்தப் பொருளுக்காகக் கேட்பதில்லை. பாதி பக்தி, பாதி வீம்பு. எது எவ்வளவு என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம்.

அந்த ஏலத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று எப்சிபா தன் புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கிருபைராஜ் நல்ல மனுஷன்தான். திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையில் பத்தொன்பது வருஷமாகத் தனியார் பஸ் ஓட்டுகிறவன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஏலம் என்று வந்துவிட்டால் மட்டும் தலைகால் தெரியாது. போன வருஷம் ஒரு ஓலைக் கொட்டான் உடன்குடிக் கருப்பட்டியை நாலாயிரத்துக்கு எடுத்துவிட்டு, எலிப்பொறியில் மாட்டியவன் மாதிரி முழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அந்தக் கருப்பட்டியில் ஆறு மாதம் காப்பி போட்டார்கள். ஒவ்வொரு டம்ளருக்கும் எப்சிபா விலை சொன்னாள்.

இந்த வருஷம் அந்த விளையாட்டுக்கெல்லாம் இடமில்லை. பயணத்துக்குப் பணம் சேர்ந்துகொண்டிருந்தது.

எப்சிபா ஒரு மெட்ரிக் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறாள், சம்பளம் பன்னிரண்டாயிரம். பதினைந்து வருஷமாகப் பிரம்பை நீட்டிப் பிரம்மபுத்திராவைத் தொட்டுக் காட்டுகிறவள், ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனதோடு சரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, "டீச்சர், அந்த ஆத்துல இக்கரையில நின்னா அக்கரை தெரியாதுன்னு சொல்லுதீயளே, நீங்க பாத்திருக்கீயளா?" என்று கேட்டுவிட்டது. கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. எப்சிபாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் தாமிரபரணிதான். மதகுப் பக்கம் நின்று கூப்பிட்டால் அக்கரையில் துணி துவைக்கிறவள் திரும்பிப் பார்ப்பாள். அக்கரையே தெரியாத ஆறு என்றால் அது எப்படி இருக்கும்?

ராத்திரிச் சாப்பாட்டிலேயே சொல்லிவிட்டாள். கன்னியாகுமரியில் ஏறினால் அஸ்ஸாமில் திப்ரூகரில் கொண்டு இறக்கும் ரயில் ஒன்று இருக்கிறது. மூன்று ராத்திரி, நான்கு பகல், நாட்டிலேயே நீண்ட தூரம் போகிற ரயில். அதில் நாம் மூன்று பேரும் போகிறோம்.

மூன்றாவது ஆள் மகள் ஷெரின். அவள்தான் கணக்குப் போட்டாள்: எழுபதாயிரம் ஆகும். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட இந்திய வரைபடம் ஒன்றை எப்சிபா கேட்டு வாங்கிவந்து கதவுக்குப் பின்னால் மாட்டினாள். ஷெரின் அதில் ரயில் பாதையைப் பென்சிலால் வரைந்தாள். ஐந்நூறு ரூபாய் சேர்ந்தால் முப்பது கிலோமீட்டர் சிவப்பு மை முன்னால் நகரும். கிருபைராஜ் வழியில் டீ குடிப்பதை விட்டான். கிறிஸ்மஸுக்கு இரண்டு வருஷம் புதுத்துணி இல்லை. ஷெரின் தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். வேலை முடிந்து வந்ததும் கிருபைராஜ் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஏளா, இப்ப எங்கன நிக்கோம்?" என்று கேட்பான். "ஈரோடு தாண்டியாச்சு." "விஜயவாடா." இப்படியே மூன்று வருஷம் வீட்டுக்குள் ரயில் ஓடியது. இந்த மாசிக்கு அறுபத்து நாலாயிரம். குவாஹாத்தியும் தாண்டியாயிற்று.

இதற்கு மேல் தள்ளிப்போடவும் வழியில்லை. ஷெரின் பிளஸ் டூ முடித்து ஜூனில் நர்ஸிங் படிக்க பெங்களூரு போகிறாள். அங்கே போன பிள்ளை அப்படியே வேலை, கல்யாணம் என்று போய்விடும். கிருபைராஜ் முதலாளியிடம் கெஞ்சி ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டு நாள் லீவு வாங்கியிருந்தான். மூன்று பேரும் சேர்ந்து போவதென்றால் இந்தத் தடவைதான்.

இத்தனையையும் எப்சிபா ஒரே ஒரு ஆளிடம் சொல்லாமல் மறைத்தாள். கூடப்பிறந்த அக்கா லில்லிபுஷ்பத்திடம்.

லில்லிபுஷ்பத்தைக் கட்டிய ஜெயசிங் பாளையங்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். பணம் கொழிக்கிற கை, அதைவிடப் பெரிய குரல். வருஷத்துக்கு ஒரு தடவை விமானம் ஏறி துபாய், சிங்கப்பூர் என்று போய்வந்து, பந்தியில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வார். அவர்களிடம் போய், ரயிலில் நாலு நாள் போவதற்கு மூன்று வருஷமாகக் காசு சேர்க்கிறோம் என்று எந்த மூஞ்சியோடு சொல்வது? எப்சிபா சொல்லவில்லை.

பண்டிகையன்றைக்கு எப்சிபாவின் காணிக்கை ஒரு தடியங்காய். சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணியைத்தான் நம் பக்கம் அப்படிச் சொல்வது. குளியலறைக் கூரையில் படர்ந்த கொடியில் முதலாவது காய்த்தது, பதினொரு கிலோ. கோயிலுக்குள் கொண்டு வைக்கும்போதே கிருபைராஜ் மூச்சு வாங்கினான்.

அசனப் பந்தியில்தான் வினை ஆரம்பித்தது. ஆண்கள் பந்தியில் ஜெயசிங், "என்னடே கிருபை, லீவுக்கு என்ன ஏற்பாடு?" என்று சும்மா கேட்டிருக்கிறார். கிருபைராஜ் ஏலத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தான், பந்தியில் திறந்துவிட்டான். சந்தோஷம் தாங்காத மனுஷன், வேறென்ன சொல்ல.

ஜெயசிங்கின் குரல் பெண்கள் பந்தி வரைக்கும் வந்தது. "நாலு நாள் ரயில்லயா? ஏலே, பிளேன்ல ஒரு நேரச் சாப்பாட்டுக்குள்ள போயிறலாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே டிக்கெட் போட்டுத் தந்திருப்பேன்லா."

பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள். எப்சிபாவுக்குக் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த லில்லிபுஷ்பம் சிரிக்கவில்லை. தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று எப்சிபாவுக்கு இருந்தது.

ஏலம் தொடங்கியது. எப்சிபா புருஷனைத் தனக்குப் பின்னால் கடைசி வரிசையில் உட்கார வைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். சேவல் போயிற்று, வாழைத்தார் போயிற்று, கருப்பட்டியும் போயிற்று. கிருபைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு ஏலம் விடுகிற உபதேசியார் தடியங்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நம்ம எப்சிபா டீச்சர் காணிக்கை. யாரு கேக்கீய?"

இருநூறு, முந்நூறில் முடிகிற சங்கதி. வருஷா வருஷம் அப்படித்தான். முதல் வரிசையிலிருந்து ஜெயசிங் கையைத் தூக்கினார்.

"அய்யாயிரம்."

பந்தலே திரும்பிப் பார்த்தது. எப்சிபாவுக்குக் காது சூடாகிவிட்டது. பிளேன் டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்றது போதாதா? இப்போது என் காய்க்கும் பிச்சை போடுகிறாரோ? அவள் யோசித்து முடிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"ஆறாயிரம்."

தான் கொண்டுவந்ததைத் தானே ஏலம் கேட்கிறவர்கள் கிடையாது. அப்படி ஒரு வழக்கமே இல்லை. உபதேசியார் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, காணிக்கைதானே, கூடினால் நல்லது என்று நினைத்தோ என்னவோ, "ஆறாயிரம், ஒரு தரம்" என்றார்.

"எட்டு," என்றார் ஜெயசிங், சிரித்துக்கொண்டே.

"பத்து."

"ஏட்டி, உக்காருட்டி," என்று பின்னாலிருந்து கிருபைராஜ் சேலையைப் பிடித்து இழுத்தான். ஏலப்பைத்தியம் பிடித்தவன் புத்தி சொல்கிற காலம் வந்துவிட்டது. அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து, பதினாறு. ஜெயசிங்குக்குச் சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் திரும்பி மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் ஏதோ சொன்னாள். "பதினெட்டு," என்றார்.

"பதினெட்டாயிரத்து ஐந்நூறு."

ஜெயசிங் மறுபடி மனைவி பக்கம் திரும்பினார், கையைக் கீழே போட்டார். மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். பந்தலில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் எப்சிபாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

மொபெட்டில் வீட்டுக்குப் போகும்போது தடியங்காய் அவள் மடியில் இருந்தது. கிருபைராஜ் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லலாம். ஷெரின் அதைவிட மோசம். வீட்டுக்கு வந்ததும் நேரே கதவுக்குப் பின்னால் போனாள். சிவப்பு மையின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிக்கொண்டே வந்தாள். குவாஹாத்தி போயிற்று, மால்டா போயிற்று. ரயில் பின்னாலேயே வந்து கரக்பூரில் நின்றது.

"அப்பாவ காவல் காத்தியே, ஒன்ன யாரும்மா காவல் காக்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் பேச்சே இல்லை.

புதன்கிழமை எப்சிபா தபால் ஆபீஸில் பணத்தை எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனாள். ஏலப் பணத்தைக் கிறிஸ்மஸ் வரைக்கும் தவணையில் கட்டலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். போதகரும் அதைத்தான் சொன்னார். "பயணம் வச்சிருக்கீயன்னு கேள்விப்பட்டேன். பைய கட்டுங்கம்மா."

"கர்த்தருக்குன்னு கேட்டிருந்தா தவணை சொல்லலாங்கய்யா," என்றாள் எப்சிபா. "நான் எங்க அத்தானுக்குல்லா கேட்டேன். வீம்புக்குத் தவணை என்ன தவணை."

போதகர் ரசீது எழுதிக் கொடுத்தார்.

தடியங்காய் அடுக்களை மூலையில் கிடந்தது. வெட்ட யாருக்கும் கை வரவில்லை. லேசில் அழுகுகிற காயும் இல்லை அது; மாசக்கணக்கில் அப்படியே இருக்கும். போகிறபோதும் வருகிறபோதும் கண்ணில் படும். வியாழக்கிழமை காலையில் அவர்கள் போக நினைத்த நாளுக்கு டிக்கெட் முன்பதிவு திறந்தது. ஷெரின் செல்போனைத் தொடவில்லை. யாரும் தொடச் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. லில்லிபுஷ்பம் தனியாக வந்திருந்தாள். காரில்லாமல் அவள் வந்து பத்து வருஷமாவது இருக்கும். வந்தவள் உட்காரக்கூட இல்லை. நேரே அடுக்களைக்குப் போய்த் தடியங்காயைப் பார்த்தாள்.

"இன்னும் வெட்டலயா?"

"இல்ல."

"அத்தான் எதுக்குக் கேட்டாரு தெரியுமா? நான்தான் கேக்கச் சொன்னேன்." லில்லிபுஷ்பம் காயை விட்டுத் தங்கச்சி பக்கம் திரும்பினாள். "வருஷாவருஷம் ஒன் காணிக்கை இருநூறுக்கும் முந்நூறுக்கும் போகுது. பாத்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு நல்லாவா இருக்கும்? இந்தத் தடவை நாமதான் எடுக்கணும், விட்டுறாதீயன்னு அவரு காதுல சொன்னேன். சொந்தக்காரங்க ஏத்திக் கேட்டாத்தான கொண்டுவந்தவளுக்கு மரியாதை? நீ என்னடான்னா எந்திரிச்சு நின்னு அவரோட மல்லுக்கு நிக்க. பதினெட்டுல நான்தான் போதும், விட்ருங்கன்னேன். தான் கொண்டுவந்த காயத் தானே கேக்க பொம்பளைய நான் எங்கனயும் பாத்ததில்லட்டி."

சொந்தக்காரர்கள் ஏற்றிக் கேட்பது ஊரெல்லாம் அறிந்த வழக்கம். அக்கா வீட்டார் அந்த வழக்கப்படிதான் செய்திருப்பார்கள் என்று ஒரு வாரமாக எப்சிபாவின் புத்திக்கு எட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக, அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அத்தான் பந்தியில அப்படிச் சொன்னாருல்லா..." என்று இழுத்தாள்.

"அவரு வாய் அப்படி. இருபத்தஞ்சு வருஷமா நான் கேக்கேன், நீ ஒரு நாள் கேக்கப்படாதா? அத விடு. நீ எங்கிட்ட ஏன் சொல்லல? மூணு வருஷமா சேத்திருக்க. கூடப்பிறந்தவ நான், பந்தியில மத்தவங்களோட சேத்துக் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? நான் சிரிப்பேன்னு நெனச்சியோ?"

"ஆமா," என்றாள் எப்சிபா. பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

லில்லிபுஷ்பம் தடியங்காயைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள். "சிரிச்சிருக்கத்தான் செய்வேன்," என்றாள் பிறகு. "சிரிச்சிட்டு, நானும் வாரேன்னு சொல்லியிருப்பேன்."

வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கிருபைராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போனான். அவனுக்குக் கண் கலங்கினால் வெளியே போய்விடுவான்.

லில்லிபுஷ்பம் கைப்பையைத் திறந்தாள். எப்சிபா உடனே கையை ஆட்டினாள். "அக்கா, அதெல்லாம் வேண்டாம். நான் கேட்டது, நான் கட்டிட்டேன்."

"முழுசாத் தந்தா வாங்க மாட்டன்னு எனக்குத் தெரியாதா? கத்திய எடு."

"எதுக்கு?"

"காய வெட்டு. பாதி எனக்கு. பாதிக் காய்க்குப் பாதி விலை. ஒம்பதாயிரத்து எரநூத்தம்பது, எண்ணிக் கொண்டாந்திருக்கேன். இதுல தர்மமும் கிடையாது, பிச்சையும் கிடையாது. எங்க வீட்டுல கூட்டு வைக்கக் காய் வேணும்."

அரிவாள்மணையில் அது ஏறாது. வெட்டுக்கத்தியை வைத்து இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினார்கள். காய் பிளந்தபோது அக்காவும் தங்கச்சியும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். எப்சிபா சிரித்தாள், அப்படியே அழுதாள். ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வந்துவிட்டது. லில்லிபுஷ்பம் முந்தானையால் தங்கச்சியின் மூக்கைத் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல.

ஷெரின் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் செல்போன் இருந்தது. முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஆனால் விரல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஏசி எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்மா. ஸ்லீப்பர்ல பதினோரு இடம் காட்டுது. ஸ்லீப்பர்ல போனா போக வர பத்தாயிரத்துக்கு மேல மிச்சம். பெரியம்மா தாறதையும் சேத்தா ஏப்ரலுக்குள்ள சரியா வரும்."

ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டது. ரயிலைப் பற்றி அவள் சொன்னது எதையும் எப்சிபா சரியாகக் கேட்கவில்லை, அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டாள்.

"ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டே போலாம்," என்று வெளியிலிருந்து கிருபைராஜ் குரல் வந்தது. "ஏசியில கண்ணாடிதான் தெரியும்."

"மூணு போடவா?" ஷெரின் நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தாள். "நாலா?"

எப்சிபா அக்காவைப் பார்த்தாள். வீடு, கடை, புருஷன் சாப்பாடு என்று ஆயிரம் சாக்கு அவளுக்கு இருக்கும். "அத்தானுக்கு யாரு பொங்கிப்போட?" என்று மெல்லக் கேட்டாள்.

"பாளையங்கோட்டையில ஓட்டலா இல்ல? பன்னெண்டு நாள் அங்க போய்ச் சத்தம் போட்டுச் சாப்பிடட்டும். என் டிக்கெட்டுக்கு நான் தனியாத் தாரேன். போடுட்டி நாலு."

"வயசு சொல்லுங்க பெரியம்மா. நாப்பத்தஞ்சு ஆன பொம்பளைகளுக்குக் கீழ் பெர்த் கெடைக்க வாய்ப்பு இருக்கு."

லில்லிபுஷ்பம் வாசலைப் பார்த்தாள், அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தாள். எப்சிபாவைவிட ஒரே ஒரு வயதுதான் மூப்பு, நாற்பத்து நாலு, என்று கோயில் பெண்கள் சங்கத்தில் வெகுகாலமாகச் சொல்லிவருகிறவள் அவள். மேல் பெர்த்தில் ஏறுவதை ஒரு தடவை மனசுக்குள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"நாப்பத்தொம்பதுன்னு போடு," என்றாள் தணிந்த குரலில். "வெளிய சொன்னியோ, கொன்னுபோடுவேன்."

ஷெரின் அமுக்கினாள். வட்டம் சுற்றியது. பணம் போயிற்று, மறுபடியும் சுற்றியது. அடுக்களையில் நாலு பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிருபைராஜும் எப்போதோ உள்ளே வந்துவிட்டிருந்தான்.

"நாலும் கிடைச்சிட்டு," என்றாள் ஷெரின்.

லில்லிபுஷ்பம்தான் முதலில் அசைந்தாள். தன் பாதிக் காயைத் துணிப்பையில் இறக்கி, பையைத் தூக்கிப் பார்த்து, கனம் தாங்காமல் மறுபடி கீழே வைத்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

"ஆமா, எந்த ஊருக்குட்டி போறோம்?"

எப்சிபா அவளைப் பார்த்தாள். பந்தியில் அக்கா காதில் விழுந்தது நாலு நாள் ரயில், மூன்று வருஷச் சேமிப்பு, பன்னிரண்டு நாள் லீவு என்பதெல்லாம்தான். எந்த ஊர் என்று கேட்காமலே வயதைச் சொல்லி டிக்கெட் போட்டிருக்கிறாள்.

"திப்ரூகர்க்கா. அஸ்ஸாம்ல இருக்கு."

"நல்ல ஊரா?"

"தெரியலக்கா," என்றாள் எப்சிபா. "நானும் பாத்ததில்ல."